பெண்கள் எழுதிய பாடுகள்: எதில் தொடங்கிப் படிப்பது, நம்ம ஏரியாவை எப்படி எழுதுவது

கேள்வியின் சுருக்கம் இது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஞாயிறு சாயங்காலம் கூடிப் படிக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். கஷ்டத்தையும் ஆண்-பெண் பேதத்தையும் பெண் எழுத்தாளர்கள் எப்படி எழுதுகிறார்கள், எந்த வரிசையில் படிப்பது, நாங்களே எழுத ஆசைப்பட்டால் எதில் கவனம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

தமிழில் பெண்கள் எழுதியதில் இன்றும் நிற்கிற புத்தகங்களைத் திறந்தால் அழுகை குறைவாகவும் கணக்கு அதிகமாகவும் இருக்கும். எத்தனை மணிக்கு எழுந்தாள், கூலி எவ்வளவு, அதை யார் கையில் வாங்கினார்கள், வீட்டில் எந்த மூலை அவளுடையது, பஞ்சாயத்தில் யாரைப் பேசவிட்டார்கள். கதையைத் தூக்கிக்கொண்டு போவது இந்த விவரங்கள்தான். அதனால் படிக்கும்போது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம், துட்டு, இடம், வாய் என்று நோட்டில் நாலு கோடு போட்டு, அந்தந்த விஷயம் வரும் வரியை அந்தந்தப் பத்தியில் எழுதுங்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் போதும். "பாவம், எவ்வளவு கஷ்டம்" என்று பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது வாரமே தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு தலித் எழுத்தாளர் பாமாவின் 'சங்கதி' (1994). அதில் மாரியம்மா என்றொரு பெண். விறகு சுமந்து வரும் வழியில் தண்ணீர் குடிக்க முதலாளி தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போகிறாள். அவர் அவளைக் கையைப் பிடித்து இழுக்க, தப்பித்து ஓடிவிடுகிறாள். எங்கே விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று அந்த ஆள் முந்திக்கொண்டு, மாரியம்மாவையும் மாணிக்கம் என்ற பையனையும் சேர்த்துப் பழி சொல்லி நாட்டாமையிடம் புகார் வைக்கிறார். கூட்டம் கூடுகிறது. பெண்கள் பேச வாயெடுத்தால் அதட்டி அடக்குகிறார்கள். கடைசியில் தண்டம்: அவளுக்கு 200 ரூபாய், அவனுக்கு 100.

அந்தத் தண்டத்தை நாலு பத்தியில் பிரித்துப் பாருங்கள். துட்டு: ஒரே "குற்றத்துக்கு" பெண்ணுக்கு இரண்டு மடங்கு. கூலியில் பெண்ணுக்குக் குறைவு, தண்டத்தில் பெண்ணுக்கு அதிகம். வாய்: முதலாளியை யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் ஊரே அவர் நிலத்தில் வேலை செய்தாக வேண்டும். தீர்ப்புச் சொன்னவர்கள் மாரியம்மாவின் சொந்த சாதி ஆண்கள். சாதி, கூலி, ஆண் என்ற மூன்று அதிகாரமும் அந்த 200 ரூபாயில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பாமா இதை விளக்கி ஒரு பக்கம் கட்டுரை எழுதியிருந்தால் நமக்கு நினைவிருக்காது. தொகையைச் சொன்னதால் நினைவிருக்கிறது.

இதே பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' (1992) வேறு வித்தை காட்டுகிறது. தெருவில் ஒரு பெரியவர் எண்ணெய்ப் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக்காட்டுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி, அந்தப் பொட்டலம் நாயக்கருக்குப் போகிறது என்று விளக்குகிறான். சிரிப்பு முதலில், விஷயம் பிறகு. வரிசையை மாற்றி, "எங்கள் ஊரில் தீண்டாமை இருந்தது" என்று ஆரம்பித்து அப்புறம் பொட்டலத்தைக் காட்டியிருந்தால் அது வெறும் சான்றாகிப் போயிருக்கும். இப்போது படிக்கிறவரும் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷம் கூசிப்போகிறார்.

இதைவிட உங்களுக்கு முக்கியமானது மொழி. 'கருக்கு' வெளிவந்த காலத்தில் பாத்திரம் வட்டார வழக்கில் பேசுவது புதிதல்ல. கதை சொல்கிறவரே ஊர்ப்பேச்சில் சொன்னதுதான் பெரிய மாற்றம். கதை சொல்கிறவர் சுத்தத் தமிழிலும், பாத்திரம் மட்டும் "இன்னாமே, வூட்டாண்ட வா" என்றும் பேசினால், எழுத்தாளர் மாடியில் நின்று கீழே தெருவைப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். சென்னைத் தமிழுக்கு இந்த ஆபத்து ரொம்ப அதிகம். சினிமா அதைப் பல பத்தாண்டுகளாகச் சிரிப்புக்கும் ரவுடிக்கும் மட்டுமே வாடகைக்கு எடுத்திருக்கிறது. வீட்டுக் கணக்கு, துக்கம், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சு எல்லாம் அதே தமிழில்தான் நடக்கின்றன என்பதை அச்சில் பார்ப்பது அரிது.

வீட்டுக்குள் இருக்கும் அதிகாரத்துக்கு ப. சிவகாமியை எடுங்கள். 'பழையன கழிதலும்' (1989) நாவலின் காத்தமுத்து தலித் தலைவர். ஒடுக்கப்பட்டவர்களுக்காக வெளியே குரல் கொடுப்பார். வீட்டுக்குள் பெண்கள் அவர் நிழலில் நடுங்குவார்கள். மகள் கௌரியின் பார்வையில் அப்பா சிறுகச் சிறுக வெளிப்படுகிறார். சொந்தப் பக்கத்து ஆணை இப்படி எழுதலாமா என்று அப்போதே விமர்சனம் வந்தது. சிவகாமி விடவில்லை. சில வருஷம் கழித்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு பாகமே எழுதி, தன் நாவலைத் தானே விசாரித்தார். யூனியன் ஆபீசும் கட்சிக் கிளையும் மன்றமும் நிறைந்த வடசென்னையில் இந்த நாவலுக்கு உங்கள் கூட்டத்தில் பேச்சு ஓயாது. அவரது 'ஆனந்தாயி' (1992) இன்னும் கனமானது, அடிதடி நேரடியாக வரும். அதை நாலாவது மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இடம் பற்றி யோசிக்க அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' போதும். தொகுப்பு 1988இல் வந்தது. ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக் குடும்ப வீடு. அறைகள் ஏராளம், சமையலறை மட்டும் கடைசியில், இருட்டில். தெற்கிலிருந்து வந்த மருமகள் அதைக் கொஞ்சம் வசதிப்படுத்தலாம் என்கிறாள். யாரும் சண்டை போடவில்லை. சில நாளில், மலை தெரிகிற வராந்தாவில் துணி காயப்போடக் கயிறு கட்டுகிறார்கள். புடவைகளும் வேட்டிகளும் தொங்கி மலையை மறைத்துவிடுகின்றன. பதில் கிடைத்துவிட்டது. அது பணக்கார வீடாச்சே, நமக்கென்ன என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த வீட்டில் இடம் இருந்தும் தரவில்லை. பழைய வாரிய வீடுகள் பலவும் இருநூற்றுச் சொச்சம் சதுர அடிதான். அங்கே இடமே இல்லாதபோது யார் விட்டுக்கொடுக்கிறார்கள்? வயசுக்கு வந்த பெண் எங்கே உடை மாற்றுகிறாள், ராத்திரி யார் வெளி வராந்தாவில் படுக்கிறார்கள், மாதவிலக்குத் துணியை எங்கே உலர்த்துகிறார்கள், புத்தகம் எங்கே வைக்கப்படுகிறது? இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதினாலே உங்கள் பகுதியின் கதை ஒன்று பாதி முடிந்த மாதிரி.

ராஜம் கிருஷ்ணன் (1925–2014) வேறு ரகம். அவர் தான் வாழாத வாழ்க்கையை எழுதினார். அதற்காகக் களத்துக்குப் போனார், தங்கினார், கேட்டார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்', கடலோரத்தைப் பற்றிய 'அலைவாய்க் கரையில்', தீப்பெட்டித் தொழில் சிறார்களைப் பற்றிய 'கூட்டுக்குஞ்சுகள்' எல்லாம் அப்படி வந்தவை. 'பாதையில் பதிந்த அடிகள்' (1991) விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மாளின் கதை. ஆவணம் குறைவாக இருந்த ஒரு பெண் தலைவியை, அவரைத் தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டு மீட்டெடுத்தார். அவர் எழுத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சில இடங்களில் பாத்திரம் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேச ஆரம்பித்துவிடுவார். கூட்டத்தில் உரக்கப் படிக்கும்போது அந்தப் பக்கங்களில் கொட்டாவி வரும், தாண்டிப் போகலாம். ஆனால் உப்பு வெள்ளையில் கண் கூசுவது, காலில் வெடிப்பு, குடிக்கத் தண்ணீர் இல்லாத வெயில் என்று வேலையை உடம்பின் வழியாக எழுதும் இடங்களில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. வேதாரண்யம் பக்கத்து உப்பள வாழ்க்கைக்கு சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், கேட்டு எழுதியதற்கும் அந்த மண்ணிலேயே வளர்ந்து எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும். நகரத்துக் கட்டடத் தொழிலாளர்களுக்கு திலகவதியின் 'கல்மரம்', சாகித்ய அகாதமி விருது பெற்றது (2005). சித்தாள் வேலைக்குப் போகிறவர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால், அந்த நாவலில் எது சரி, எது தப்பு என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கவிதையைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி ஆகியோர் 2000ஐ ஒட்டிய வருஷங்களில் உடம்பைப் பற்றி நேரடியாக எழுதியபோது பெரிய கூச்சல் எழுந்தது. ஆபாசம் என்றார்கள். ஆண் கவிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பெண்ணுடம்பை வர்ணித்தபோது எழாத கூச்சல் அது. கவிதைகள் ஒரு பக்கத்துக்குள் முடிவதால் முதல் நாளே எடுத்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சங்கடப்பட்டு அடுத்த வாரம் வரமாட்டார்கள். நாலைந்து மாதம் ஒன்றாக உட்கார்ந்த பிறகு அதே கவிதைகளை எடுத்தால் பேச்சு தானாக வரும். கூடவே ஏ. ரேவதியின் 'வெள்ளை மொழி', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' இரண்டையும் சேருங்கள். ஆண்-பெண் என்ற கோடு யார் போட்டது என்ற கேள்வியைத் திருநங்கைகளின் தன்வரலாறு கேட்கிற அழுத்தத்தில் வேறு எதுவும் கேட்பதில்லை.

கூட்டம் நடத்தும் முறை பற்றிச் சுருக்கமாக. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். எட்டிலிருந்து பத்துப் பக்கம் உரக்கப் படிக்க அரை மணி பிடிக்கும். ஒரே ஆள் படிக்காமல் பக்கத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு அரைப் பக்கம் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர் கேட்டால் போதும். 'சங்கதி'யில் தொடங்குவது நல்லது. அத்தியாயங்கள் தனித்தனியாக நிற்கும், போன வாரம் வராதவர்கூட இந்த வாரம் கலந்துகொள்ளலாம். தென்மாவட்டப் பேச்சு என்பதால் முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் தடுக்கும், பிறகு ஓடிவிடும்.

வாசிப்பில் வழக்கமாக நடக்கும் தவறுகள் சில உண்டு. தியாகி ஆக்குவது முதல் தவறு. "பொம்பளைன்னா அவ மாதிரி பொறுமை வேணும்" என்று ஒருவர் சொல்வார், கூட்டமே தலையாட்டும். அந்தப் பொறுமையால் யாருக்கு லாபம் என்று கேட்டால் தலையாட்டல் நின்றுவிடும். இன்னொன்று, எல்லாப் பழியையும் குடிகாரப் புருஷன் தலையில் போட்டு முடிப்பது. அவன் குற்றவாளிதான். ஆனால் 'சங்கதி'யில் அடிக்கிற புருஷனுக்குப் பின்னால் முதலாளி இருக்கிறார், போலீஸ் இருக்கிறது, கூலி இருக்கிறது. வடசென்னைக் கதைகளில் பெரும்பாலும் இந்தப் பின்வரிசை காணாமல் போகும். புருஷன் குடித்துவிட்டு வந்தான் என்று எழுதினால் கடையையும் எழுதுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிற கடை எந்தத் தெருவில், எந்த பஸ் ஸ்டாப் பக்கத்தில் என்று ஒரு வரி வந்தால், குடும்பச் சண்டை ஊர் விஷயமாகிவிடும்.

இனி எழுதுவது. வடசென்னை என்றால் குத்துச்சண்டை, கேரம், கானா, கத்தி என்று ஆண்கள் ஆண்களைப் பற்றி எழுதியதும் எடுத்ததும் ஏராளம். பெண்கள் அதில் குழாயடியில் குடத்தோடு சண்டை போட வருவார்கள், அப்புறம் பிணத்தின் மேல் விழுந்து அழ வருவார்கள். ஷாலின் மரியா லாரன்ஸ் தன் கட்டுரைத் தொகுப்புக்கு 'வடசென்னைக்காரி' என்றே பெயர் வைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது. பெண்கள் மேடையேறிப் பேசியது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1938 நவம்பர் 13 அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில்தான். நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வை 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் வந்தது அங்கேதான். மறுநாளே பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலில் சிறைக்குப் போகத் தொடங்கினார்கள். தேவதாசி முறையை உள்ளிருந்து எழுதிக்காட்டிய 'தாசிகள் மோசவலை' (1936) நாவலாசிரியர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றார்.

எழுதத் தெரியாதே என்பவர்களுக்கு வை.மு. கோதைநாயகியைச் சொல்லுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தியவர். அவருடைய முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர்தான் எழுதினார், அப்போது கோதைநாயகிக்குச் சரளமாக எழுத வராது. நீங்களும் அப்படியே செய்யலாம். ஒருவர் சொல்ல, கல்லூரிப் பிள்ளை போனில் பதிவு செய்து எழுதட்டும். ஒரு தடவைக்கு 20 நிமிஷத்துக்கு மேல் பதிவு வேண்டாம். பத்து நிமிஷப் பேச்சை அப்படியே எழுதி முடிக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். நிறையப் பதிவு செய்து எழுதாமல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

கேள்வியில் ஒரு சூட்சுமம் உண்டு. "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால், தொண்டு நிறுவனத்துக்கும் டிவிக்கும் சொல்லிப் பழகிய அதே பேச்சுதான் வரும். "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் என்ன பண்ணீங்க? அப்புறம்?" என்று கேளுங்கள். நேற்று மட்டும். வருஷக் கணக்கான கஷ்டம் தானாக அதற்குள் வந்துவிடும்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். முதலில், வழக்கமாக எழுதப்படுகிற விதம்:

"விடியற்காலையில் கண்ணீருடன் கண்விழித்த கன்னியம்மாள், தன் விதியை நொந்தபடி கடற்கரையை நோக்கி நடந்தாள். குடிகாரக் கணவனும் கடன்காரர்களும் அவளை வாட்டி வதைத்தனர். அவள் வாழ்க்கையே ஒரு போராட்டம்."

இதில் ஒரு விவரம்கூட இல்லை. கன்னியம்மாளுக்குப் பதில் எந்த ஊர்ப் பெண்ணின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதே பெண்ணை அவர் பேச்சிலேயே எழுதினால்:

"மூணு மணிக்கெல்லாம் காசிமேட்ல நிக்கணும். ஏலத்துல ஆயிரத்து ஐநூறுக்கு மீன் எட்த்தா, ஐசுக்கு அம்பது, ஆட்டோவுக்கு நூத்தம்பது. பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டாயிரத்து எரநூத்தம்பது பாத்துட்டா நல்ல நாளு. ஒரு மணிக்கு தண்டல்காரன் வந்துருவான், அவனுக்கு நூறு. தண்டல் எங்கூட்டுக்காரர் பேர்ல. வாங்கினது அவரு, கட்றது நானு. மிச்சம் நானூத்தம்பது. அவரு கேட்டா எரநூறு தான் நின்னுச்சுன்னு சொல்லுவேன். மீதி அரிசி டப்பாவுல, அடியில."

கண்ணீர், விதி, போராட்டம் என்ற சொற்கள் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். வந்தாக வேண்டும், ஏனென்றால் மீன் விற்கிற வாசகி முதலில் அதைத்தான் சரிபார்ப்பார். தண்டல் என்பது தினம் தினம் கட்டி அடைக்கிற வட்டிக் கடன். அதன் உள்கணக்கையும் வேறோர் இடத்தில் சொல்லலாம். பத்தாயிரம் தண்டல் என்றால், பிடித்தம் போகக் கையில் வருவது 8,500 என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், வருஷ வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் வரத்து சுருங்கும், ஏல விலை ஏறும். தண்டலுக்குத் தடைக்காலம் கிடையாது. இந்த இரண்டு நாள்காட்டியும் மோதுகிற வாரத்தில் கதையை வைத்தால், தனியாகத் திருப்பம் எதுவும் தேடவேண்டியதில்லை.

பேச்சுத் தமிழை எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வளைக்காதீர்கள். கண்ணுக்குப் படிக்க முடியாமல் போகும். ஐந்தாறு அடையாளம் போதும்: "எட்த்து", "வூட்டு", "சொல்லிகினு", "இன்னா" மாதிரி. எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடவேண்டாம். வசைச்சொல் வருகிற இடத்தில் வரட்டும், ஆனால் எல்லாப் பெண்ணும் எல்லா வரியிலும் திட்டிக்கொண்டிருந்தால் அது சினிமாவிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

பெரிய மாற்றங்களை எழுதும்போதும் இதே அளவுகோல்தான். பெரம்பூர் பின்னி மில் 1996இல் மூடியது பற்றி எழுதினால் யூனியன், பூட்டு, சங்குச் சத்தம் எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவை. மூடிய மறுமாதம் மளிகைக் கடைப் பாக்கியை யார் கட்டினார்கள், எந்த வீட்டுப் பெண் முதன்முதலாக வேலைக்குப் படியிறங்கினாள் என்பது எழுதப்படாதது. சென்னையின் தென்கோடியில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வீடு மாற்றப்பட்டவர்களைப் பற்றி எழுதினால் தூரத்தை நிமிஷத்தில் எழுதுங்கள். வடசென்னையில் நாலு வீடு பாத்திரம் தேய்த்தவருக்கு அங்கிருந்து காலை ஆறு மணிக்கு வந்து சேர முடியாது. பெண்களுக்கு சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இலவசம் ஆனாலும் நேரம் இலவசம் ஆகவில்லை.

எழுதியதை வெளியிடும் முன் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 'கருக்கு' வந்தபோது பாமாவின் சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பி, சில மாதம் அவர் ஊருக்குள் போக முடியாத நிலை. சல்மா தன் வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து எழுதியவர், அந்தப் பெயரே புனைபெயர். பெயரை மட்டும் மாற்றினால் ஒரே பிளாக்கில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வேலையை மாற்றுங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், மாடியை மாற்றுங்கள். தேவைப்பட்டால் இரண்டு பேர் வாழ்க்கையை ஒருவர் ஆக்குங்கள். மேலே உள்ள மாதிரியில் அரிசி டப்பா இருக்கிறதே, நிஜமாகவே ஒருவர் அங்கே பணம் வைத்திருந்தால் அச்சில் அது வேறு இடமாக மாறியாக வேண்டும். சொன்னவரிடம் எழுதியதைப் படித்துக் காட்டி, வேண்டாம் என்கிற வரியை மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுங்கள். போலீஸ் கேஸ் நடந்துகொண்டிருந்தாலோ 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்பந்தப்பட்டிருந்தாலோ தொடவே வேண்டாம். பதிவுகள் இருக்கிற போன், வீட்டில் எல்லோரும் எடுக்கிற போனாக இருக்கக்கூடாது. கூட்டத்தில் ஒருவர் இப்போது அடிவாங்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரியவந்தால் அன்றைக்கு இலக்கியம் கிடையாது. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

புத்தகம் கிடைக்கும் வழி. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கிற மதுரைத் திட்டத்தின் தளத்தில் 'கரிப்பு மணிகள்' உட்படப் பலவும் இலவசமாக இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பாருங்கள். இவற்றை அச்செடுத்துப் பகிர்வதில் உரிமைச் சிக்கல் இல்லை. பாமா, சிவகாமி, அம்பை, சல்மா, ரேவதி நூல்களுக்கு அப்படி இல்லை. ஆளுக்கொன்று வாங்க முடியாவிட்டால் நாலு பிரதி போதும், மூன்று பேருக்கு ஒன்று. உள்ளூர்க் கிளை நூலகத்தில் இல்லாததை எழும்பூர் கன்னிமாராவில் தேடலாம். 'ஜகன்மோகினி' மாதிரி பழைய பெண்கள் பத்திரிகைகளைப் பார்க்க ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போகட்டும்.

உங்கள் எழுத்து சேர்ந்து பத்துப் பன்னிரண்டு துண்டுகள் ஆகிவிட்டால் தொகுப்பாகப் போடலாம். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் வட்டம் ஒன்று 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை அப்படித்தான் கொண்டுவந்தது. சின்னப் புத்தகம், ஈழத்துப் பெண் கவிதையில் இன்றும் அதுதான் தொடக்கப்புள்ளியாகப் பேசப்படுகிறது. டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் ஒரு ஃபாரத்துக்கு (அச்சகத்தில் சேர்த்து அச்சடித்து மடிக்கிற தாள்) 16 பக்கம், மூன்று ஃபாரம் என்றால் 48 பக்கம். பக்கத்துக்கு 200 சொல் என்று வைத்தால் ஆளுக்கு 700, 800 சொல் எழுதினால் நிரம்பிவிடும். மெய்ப்புப் பார்க்கிறவரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், "எட்த்து"வை "எடுத்து" என்று திருத்தக்கூடாது என்று. பழக்கத்தில் திருத்திவிடுவார்கள்.